பாடம் 9: ஆங்கிலம் சென்ற குஜராத்திச் சொற்கள்

நுழையும்முன்

புனே நகரில் பயிலும் நீங்கள் வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும், வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறீர்கள். ஒரு சொல் இந்த நான்கு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே ஒலியுடன் வழங்குவதைக் கண்டு வியந்தது உண்டா? அவ்வாறான சொற்களுள் சிலவற்றின் பிறப்பிடம் இந்த நான்கும் அல்லாத ஐந்தாவது மொழியாக இருக்கலாம். அந்த ஐந்தாவது மொழியைப் பற்றியது இப்பாடம்.

பாடம்

புனேயின் எந்தத் துணிக்கடையிலும் 'பனியன்' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் மராத்தியராயினும் இந்தி பேசுபவராயினும் உடனே எடுத்துத் தருவார். திருப்பூரைப் 'பனியன் நகரம்' என்றே தமிழர் அழைக்கின்றனர். ஆதலால் இதைத் தமிழ்ச்சொல் என்று எண்ணுவோர் பலர். பனிக்கு அணிவது பனியன் என்று பொருள் சொல்வாரும் உளர். கேட்பதற்கு இனிமையான விளக்கம்தான், ஆயினும் உண்மையன்று.

குஜராத்தி மொழியில் வணிகனை 'வாணியோ' என்பர். வடமொழியின் 'வணிஜ்' என்னும் சொல்லோடு தொடர்புடையது அது. நாம் கூறும் வணிகர், வாணிகம் ஆகியவற்றுக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமையைச் செவியே உணர்த்தும். குஜராத்தி வணிகர்கள் பல நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து அரேபியா, பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களின் துறைமுகங்களில் வாணிகம் செய்தவர்கள். அவர்களை அரேபியரும் போர்ச்சுக்கீசியரும் தத்தம் நாவுக்கு ஏற்பத் திரித்து வழங்கினர். அவர்களைத் தொடர்ந்து வந்த ஆங்கிலேயர் 'பனியன்' என்றனர். அக்காலத்து ஆங்கிலத்தில் பனியன் என்றால் ஆடையன்று. மேற்குக் கடற்கரை இந்திய வணிகன் என்பதே பொருள்.

பின்னர் அச்சொல் இரண்டாகக் கிளைத்தது. அவ்வணிகர் அணிந்த தளர்ந்த மேலாடையைப் போன்ற ஓர் உடையை ஐரோப்பியர் வீட்டில் அணியத் தொடங்கினர். அதற்கும் பனியன் என்றே பெயர் இட்டனர். இந்தியாவில் அப்பெயர் காலப்போக்கில் சட்டைக்குள் அணியும் பின்னலாடையைக் குறிப்பதாயிற்று. இன்று இங்கிலாந்தில் இப்பொருளில் அச்சொல்லை வழங்குவார் அரியர். அங்கே மறைந்தது திருப்பூரில் வாழ்கிறது.

மற்றொரு கிளை மரத்தில் ஏறியது. பாரசீக வளைகுடாவின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திற்கு அருகே ஓர் ஆலமரம் நின்றது. அதன் நிழலில் இந்திய வணிகர் சிறு கோயில் அமைத்து வழிபட்டனர். அங்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் அம்மரத்தைப் 'பனியன்களின் மரம்' என்று குறித்தனர். நாளடைவில் அவ்வினத்து மரம் முழுவதற்கும் அதுவே ஆங்கிலப் பெயர் ஆயிற்று. ஜேஷ்ட மாதப் பௌர்ணமியன்று புனேயில் பெண்கள் நூல் சுற்றி வலம் வரும் அந்த மரத்தை மராத்தியர் 'வட்' என்பர். குஜராத்தியிலும் அதற்கு ஏறத்தாழ அதே பெயர்தான். ஆலமரத்தைக் குஜராத்தி மொழியினர் ஒருநாளும் 'வாணியோ' என்று சொன்னதில்லை என்பதைக் கவனியுங்கள். மரத்தைச் சுட்டி இது என்ன என்று ஆங்கிலேயன் வினவினானோ, மரத்தடியில் இருந்தவரைச் சுட்டி இவர் யார் என்று வினவினானோ! நம் நாட்டின் தேசிய மரத்திற்கு ஆங்கிலத்தில் நின்றுவிட்டது கடைக்காரரின் பெயர்.

இனி அம்மொழியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கூர்ஜர' என்னும் பழம்பெயரிலிருந்து குஜராத் என்னும் நாட்டுப்பெயர் வந்தது. பழைய தமிழ் எழுத்தாளர் கூர்ச்சரம் என்று எழுதுவர். போர்ச்சுக்கீசியர் வழியாக இப்பெயரைக் கேட்ட ஆங்கிலேயர் 'குஸராத்' என்றும் 'குஸராத்தி' என்றும் பலவாறு எழுதி, பிற்காலத்தில்தான் இன்றைய எழுத்துக்கூட்டலுக்கு வந்தனர். ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. மொழியையும் குறிக்கும்; அம்மொழி பேசும் ஒருவரையும் குறிக்கும்; உணவு, உடை முதலியவற்றுக்கு அடைமொழியாகவும் வரும். இறுதியில் உள்ள இகர ஈறு ஆங்கிலத்திற்கு உரியதன்று. பஞ்சாபி, பெங்காலி, மராத்தி என்பவற்றைப் போல நம் நாட்டு மொழிகளிலிருந்து ஈற்றோடு சேர்த்தே ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. தமிழில் மொழியைக் குஜராத்தி என்றும், மக்களைக் குஜராத்தியர் என்றும் பிரித்து எழுதுகிறோம்.

எழுதும்போது ஒரு கவனம் தேவை. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து வரும் தகரம் தமிழில் மென்மையாக ஒலிக்கும். 'குஜராதி' என்று எழுதினால் பிழையான ஒலி பிறக்கும். அதனால்தான் தகர ஒற்று மிக்குக் 'குஜராத்தி' என எழுதுகிறோம். 'மராத்தி' என்பதும் அவ்வாறே.

மராத்தி அறிந்த உங்களுக்கு இம்மொழி மிக எளிது. தேவநாகரி எழுத்தின் தலைமேல் ஓடும் கோட்டை நீக்கிவிட்டால் குஜராத்தி எழுத்துகளுள் பலவற்றைப் படித்துவிடலாம். இந்தியில் இரண்டு பால்களே உள்ளன. மராத்தியிலும் குஜராத்தியிலும் மூன்று. குஜராத்தியில் ஆண்பாற் சொல் பெரும்பாலும் ஓகாரத்தில் முடியும். பெண்பாற் சொல் ஈகாரத்தில் முடியும். மூன்றாம் பாலுக்கு மூக்கொலியுடன் கூடிய உகர ஈறு. 1960 மே முதல் நாள் வரை புனேயும் அகமதாபாத்தும் பம்பாய் என்னும் ஒரே மாநிலத்தில் இருந்தன. அந்த உறவு நகரில் இன்றும் புலப்படும். புனே குஜராத்தி கேளவணி மண்டல் நடத்தும் கல்வி நிலையங்களின் பெயர்ப்பலகையை நீங்கள் கண்டிருக்கலாம். 'கேளவணி' என்பது கல்வி என்னும் பொருளுடைய குஜராத்திச் சொல். 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர் ஏறத்தாழ 6.9 கோடிப் பேர். குஜராத்தியைக் கூறியவர் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர். இந்திய மொழிகளின் வரிசையில் தமிழ் ஐந்தாவது, குஜராத்தி ஆறாவது.

மூன்றாம் பால் ஈற்றைப் பற்றிக் கூறியதற்குக் காரணம் உண்டு. மழைநீரைச் சேமிக்க வீட்டின் அடியில் கட்டப்படும் தொட்டியைக் குஜராத்தியில் 'டாங்கு' என்பர். ஈற்று உகரத்தை மூக்கால் ஒலிக்க வேண்டும். அகமதாபாத்தின் பழைய வீடுகளில் இத்தகைய தொட்டிகளை இன்றும் காணலாம். மராத்தியில் இதுவே 'டாகே'. சிங்ககட் கோட்டைக்குச் சென்றவர்கள் பாறையில் குடைந்த 'தேவ்டாகே' நீர்நிலையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் இச்சொல்லை 'டாங்க்' என்று கொண்டனர் என்பர் ஒரு சாரார். போர்ச்சுக்கீசிய மொழியில் நீரைத் தேக்குதல் என்னும் பொருளில் 'டாங்கே' என்றொரு சொல் முன்பே உண்டு, அதுவே மூலம் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றிருக்கலாம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒத்த ஒலியும் ஒத்த பொருளும் உடைய இரு சொற்கள் ஒரே துறைமுகத்தில் சந்தித்தால் எது எதுவெனப் பிரிப்பது அரிது.

தமிழ்நாட்டிற்கு வந்த ஆங்கில அதிகாரிகள் நம் ஏரி, குளம், கண்மாய், ஊருணி, தெப்பக்குளம் அனைத்தையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டனர். செம்பரம்பாக்கம் ஏரியும் அவர்கள் ஏட்டில் டாங்க். கோயில் தெப்பக்குளமும் டாங்க். நீர்நிலையின் வகைக்கேற்ப ஒவ்வொரு பெயர் வைத்திருந்த மொழிக்கு இது வறுமையான மொழிபெயர்ப்பே. பின்னர் 1916 செப்டம்பரில், முதல் உலகப்போரின்போது, சோம் போர்க்களத்தில் ஆங்கிலேயர் புதிய கவச ஊர்தியை இறக்கினர். அது உருவாகும் செய்தி பகைவருக்குத் தெரியாதிருக்க, நீர்த்தொட்டி செய்வதாகக் கூறி அப்பெயரையே சூட்டியிருந்தனர். மறைப்புப் பெயரே நிலைபெற்றது. புனேயிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அகமத்நகரின் பீரங்கி வண்டி அருங்காட்சியகத்திற்குச் சென்றால், அங்கே நிற்கும் இரும்பு ஊர்திகளின் பெயருக்கும் சிங்ககட்டின் குளிர்ந்த நீருக்கும் உள்ள உறவை நினைத்துப் பாருங்கள்.

எல்லாச் சொற்களும் இவ்வாறு புன்னகையோடு கூறத்தக்கவை அல்ல. 'கூலி' என்பது அத்தகையது. தமிழில் கூலி என்றால் உழைப்புக்குரிய ஊதியம். திருக்குறளின் 619 ஆம் குறளில் வள்ளுவர் இச்சொல்லை முயற்சியின் பயனைக் குறிக்க ஆள்கிறார். அதில் இழிவு சிறிதும் இல்லை. குஜராத்திலும் மகாராட்டிரத்திலும் 'கோலி' என்றொரு மக்கள் இனம் உண்டு. கடற்கரையில் மீன்பிடிக்கும் கோலியர் உளர். புனே மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் வாழும் மகாதேவ கோலியரும் உளர். சுமை தூக்குபவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அந்த இனப்பெயரிலிருந்து வந்ததா, தமிழ்க் கூலியிலிருந்து வந்ததா என்று அறிஞர் வாதிட்டனர். 1886 இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொல் அகராதி இரண்டு கருத்துகளையும் ஆராய்கிறது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான ஏ. சி. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர்; தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவரும் அவரே.

சொல் எங்குப் பிறந்தாலும் அது சென்ற இடத்தில் என்ன ஆயிற்று என்பதே நாம் அறிய வேண்டியது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத் தொழிலாளராக உழைக்க அதில் சென்றவர்களே அந்நாட்டை அடைந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர். அங்கிருந்த வெள்ளையர் அவர்களைக் 'கூலி' என்று அழைத்தனர். ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராயிற்று. பின்னர்த் தம் செலவில் சென்ற குஜராத்தி வணிகரையும் அவர்கள் விடவில்லை. கடை வைத்தவர் 'கூலி வணிகர்'. வழக்கறிஞராகச் சென்ற மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 'கூலி வழக்கறிஞர்'. தமிழர் பெயர்கள் பல 'சாமி' என்று முடிவதைக் கண்டு, இந்தியர் எவரையும் 'சாமி' என்று இகழ்ச்சியாக விளிக்கும் வழக்கமும் இருந்தது. சாமி என்றால் தலைவன் என்று பொருள் அறிந்த நம்மவர் சிலர், 'நீங்கள் என்னைத் தலைவன் என்றல்லவா அழைக்கிறீர்கள்' என்று மறுமொழி கூறுவதுண்டு என்பதைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

தமிழனும் குஜராத்தியனும் ஒரே இழிசொல்லைச் சுமந்த அந்த நாட்டிலேதான் இழிவைத் துடைக்கும் சொல் ஒன்று பிறந்தது. 1903 இல் டர்பன் நகரில் 'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் வார இதழ் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகானஸ்பர்க்கில் கூடிய இந்தியர், தம்மைக் கைரேகையிட்டுப் பதியச் சொல்லும் சட்டத்திற்குப் பணிவதில்லை என உறுதி பூண்டனர். இப்போராட்டத்திற்குப் பெயர் இல்லை. 'அமைதி வழி எதிர்ப்பு' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரை முதலில் வழங்கினர். நம் மக்களின் போராட்டம் ஆங்கிலப் பெயரால் மட்டும் அறியப்படுவது காந்தியடிகளுக்கு நாணமாக இருந்தது. அந்த ஆங்கிலத் தொடர் வலிமையற்றவரின் கருவி என்னும் பொருளையும் தந்தது. எனவே நல்ல பெயரைக் கூறுவோருக்குச் சிறு பரிசு தரப்படும் என்று இதழில் அறிவித்தார். மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்று எழுதி அனுப்பினார். நற்செயலில் உறுதி என்பது அதன் பொருள். அது முழுமையாக இல்லை என்று கருதிய காந்தியடிகள் 'சத்தியாக்கிரகம்' என மாற்றினார். 1908 ஜனவரியில் அது குஜராத்திப் பக்கங்களில் அறிவிக்கப்பட்டது. சத்தியம், ஆக்கிரகம் என்னும் உறுப்புகள் வடமொழியவை. அவை ஒன்றாகிப் போர்ப்பெயரானது குஜராத்தி இதழில். இன்று ஆங்கில அகராதிகளில் அச்சொல் மொழிபெயர்க்கப்படாமலே இடம்பெற்றுள்ளது.

இந்த வரலாறு நமக்குக் கிடைத்ததில் புனேக்கும் பங்கு உண்டு. 1922 மார்ச்சில் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற காந்தியடிகள் எரவாடா சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே 1923 நவம்பர் 26 அன்று தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தின் வரலாற்றைக் குஜராத்தியில் எழுதத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல, உடன் சிறையிலிருந்த இந்துலால் யாக்னிக் எழுதினார். முப்பது இயல்கள் முடிந்த நிலையில் காந்தியடிகள் குடல்வால் நோயால் துன்புற்றார். 1924 ஜனவரி 12 அன்று புனே சசூன் மருத்துவமனையில் கர்னல் மேடாக் அறுவை மருத்துவம் செய்தார். பிப்ரவரி 5 அன்று அரசு அவரை விடுதலை செய்தது. எஞ்சிய பகுதியை அவர் சிறைக்கு வெளியே எழுதி முடித்தார். வால்ஜி கோவிந்த்ஜி தேசாய் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பை 1928 இல் வெளியிட்டவர் சென்னைத் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த பதிப்பாளர் எஸ். கணேசன். புனேயில் குஜராத்தியில் பிறந்த நூல் சென்னையில் ஆங்கில உடை உடுத்தது.

அந்நூலில் தமிழருக்குரிய பக்கங்கள் பல. 1913 ஆம் ஆண்டுப் போராட்டத்தில் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து புறப்பட்ட பெண்கள் பெரும்பாலும் தமிழரே. நியூகாசில் நகரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று பேசி, அவர்களை வேலைநிறுத்தத்தில் இறங்கச் செய்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டிலேயே ஜோகானஸ்பர்க்கைச் சேர்ந்த தில்லையாடி வள்ளியம்மை கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்றார். அங்கே கடும் காய்ச்சல் கண்டது. வெளியே வந்தபோது உடல் நைந்துவிட்டிருந்தது. 1914 பிப்ரவரி 22 அன்று தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று படுக்கையருகே காந்தியடிகள் வினவியபோது, மீண்டும் சிறை செல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன் என்று அப்பெண் கூறியதாக அவர் எழுதியுள்ளார். பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அந்த உரையாடலைக் காந்தியடிகள் மறக்கவில்லை.

வள்ளியம்மைக்குச் 'சத்தியாக்கிரகம்' என்பது எந்த மொழிச் சொல் என்று தெரிந்திருக்குமா? அவர் தமிழ்ப் பெற்றோருக்குத் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். குஜராத்திப் பக்கங்களில் தோன்றி, ஆங்கிலம் வழியாக உலகெங்கும் சென்ற அச்சொல்லின் பொருளை அவர் அகராதியில் தேடவில்லை.

சொற்பொருள்

ஈறு – சொல்லின் இறுதி எழுத்து. இழிசொல் – தாழ்த்திக் கூறும் சொல். விளித்தல் – அழைத்தல். உளர் – உள்ளனர். நாவு – நாக்கு. ஊருணி – ஊரார் குடிநீர் கொள்ளும் குளம். எஞ்சிய – மீதமுள்ள. நைதல் – நலிந்து மெலிதல். அரியர் – மிகச் சிலர்.

கற்பவை கற்றபின்

1. 'பனியன்' என்னும் சொல் வணிகன், ஆடை, மரம் ஆகிய மூன்று பொருள்களைப் பெற்ற வரலாற்றை உம் சொற்களில் எழுதுக.

2. 'குஜராதி', 'குஜராத்தி' இவற்றுள் எது சரியான வடிவம்? ஒலியிலக்கணம் கொண்டு விளக்குக. இதே காரணத்தால் ஒற்று மிக்கு எழுதப்படும் பிறமொழிப் பெயர்கள் இரண்டு தருக.

3. கண்மாய், ஊருணி, ஏரி, தெப்பக்குளம் ஆகியவற்றின் வேறுபாட்டை உம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அறிந்து, ஒவ்வொன்றையும் ஒரு தொடரில் அமைத்துக் காட்டுக.

4. 'அமைதி வழி எதிர்ப்பு' என்னும் பெயரைக் காந்தியடிகள் ஏன் ஏற்கவில்லை? 'சத்தியாக்கிரகம்' என்பதற்குத் தமிழில் 'அறப்போர்' என்றும் வழங்குவர். இவ்விரு சொற்களும் ஒரே பொருளைத் தருகின்றனவா? வகுப்பில் உரையாடிய பின் ஒரு பத்தி எழுதுக.

5. மராத்தி பேசும் நண்பர் ஒருவரிடமும் குஜராத்தி பேசும் நண்பர் ஒருவரிடமும் கேட்டு, மூன்று மொழிகளிலும் ஒத்து ஒலிக்கும் ஐந்து சொற்களைத் தொகுக்க. அவற்றுள் கூலி என்பதைப் போல இடம் மாறியதும் மதிப்பும் மாறிய சொல் இருப்பின் அதைத் தனியே குறித்து வருக.